துணை இல்லாமல் கேட்டைத் தாண்டாத குதிரை

என்னிடம் இரண்டு குதிரைகள், ராஜாவும் வள்ளியும். ராஜா முன்னால் போனால் வள்ளி எங்கே வேண்டுமானாலும் வருவாள். தேங்காய் லாரி, டிராக்டர், கல்யாண பேண்டு எதுவும் பிரச்சினை இல்லை. ராஜா இல்லாமல் தோட்டத்துக் கேட்டைத் தாண்டச் சொன்னால் மட்டும் கதையே வேறு. கூப்பிடு தூரத்தில் ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது, அதுவரைக்கும் போவாள், அங்கே கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றுவிடுவாள், அப்புறம் ஒரு கனைப்பு, அதற்கு லாயத்திலிருந்து ராஜா பதில் கொடுத்துவிட்டால் போச்சு, பின்னங்காலில் சுழன்று வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிடுவாள். இதை எப்படிச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்று எழுதி வைக்கிறேன். நம் பக்கம் குதிரை வைத்திருக்கிறவர்கள் கூடினால் பேச்செல்லாம் சுழி, நிறம், ஆட்டம் என்றே போகிறது, இந்த மாதிரி அன்றாடத் தொல்லைகளை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வள்ளி கத்தியவாரி என்கிற குஜராத் இனத்தின் கலப்பு, பெட்டை, செவலை, காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. விற்றவர் சொல்கிற வயதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை, வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதுவாக்கில் விழுந்து முளைக்கும், பக்கத்து ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். இவளுக்கு ஓரத்து ஜோடி மட்டும் இன்னும் பால்பல், ஆக நாலு வயதுக் கணக்கு. "எல்லாம் பழகினதுங்க, குழந்தைகூட ஏறலாம்" என்றார்கள். அது முழுப்பொய் இல்லை. சந்தையில் மேளச் சத்தத்துக்கு நடுவே சும்மாதான் நின்றாள், ஆனால் சுற்றிலும் அத்தனை குதிரைகள் இருந்தன. பிறந்ததிலிருந்து அவள் ஒரு நாளும் தனியாகக் கட்டப்பட்டதில்லை என்பது பின்னால் விசாரித்ததில்தான் தெரிந்தது.

இதனால்தான் குழாய்ப் பாலத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராஜாவோடு போகும்போது அதே பாலத்தில் நின்று புல் கடிக்கிறவள் அவள். தார்ப்பாயை விரித்து அதன்மேல் நடக்கவிடுவது, கோணிப்பையை உடம்பில் தேய்ப்பது, பைக்கைப் பக்கத்தில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்குவது எல்லாம் நல்ல பழக்கம்தான், நானும் செய்தேன், ஆனால் அது வேறு வேலை. குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி. கூட்டத்தில் இருந்தால் ஒன்று காவல் பார்க்கும், மற்றது மேயும். தனியாகப் போனால் காவல் முழுக்கத் தன் தலையில் என்று அதற்குத் தோன்றுகிறது, அப்போது காய்ந்த மட்டைகூடப் புலியாகத் தெரியும். ஆகவே பழக்க வேண்டியது இரண்டே விஷயம்: பிரிந்து போனால் திரும்பி வருவோம் என்பது ஒன்று, போகிற வழியில் காவல் பார்க்க நான் இருக்கிறேன் என்பது இன்னொன்று.

ஊரில் கிடைத்த யோசனைகளைச் சொல்லாமல் விட முடியாது. "பாலத்துல வெச்சு நாலு சாத்து சாத்துங்க, அப்புறம் நிக்காது" என்றார் ஒருவர். இன்னொருவர் முள் வைத்த கடிவாளத்தையே கொண்டுவந்து நீட்டினார். முள், கூர்முனை வைத்த கடிவாளத்தைச் சவாரிக்கோ வண்டிக்கோ பயன்படுத்தக் கூடாது என்று 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது, அதெல்லாம் இன்னும் சந்தையில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வேலைக்கு ஆகுமா என்று பார்த்தாலும் ஆகாது. தனியாகப் போனால் ஆபத்து என்று நினைக்கிற குதிரையைத் தனியாகக் கூட்டிப்போய் அடித்தால், நீ நினைத்தது சரிதான் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி.

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். வலி இருக்கிற குதிரைக்கு எந்தப் பழக்கமும் ஏறாது. கால்நடை மருத்துவர் வந்து பல்லைப் பார்த்தார். மேல்தாடையில் கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் சில குதிரைகளுக்கு முளைக்கும், கடிவாளக் கம்பி போய் அதில் இடித்தால் தலையை உதறும், இவளுக்கு ஒரு பக்கம் இருந்தது, எடுத்துவிட்டார். கடைவாய்ப் பல் ஓரங்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்தன, அதையும் அரம் போட்டுவிட்டார். கண், குளம்பு, முதுகு மூன்றும் சரி. லாடம் முன்னங்காலுக்கு மட்டும் அடித்தோம்.

சேணம் கான்பூர் தயாரிப்பு, ராஜாவுக்கு வாங்கியது. அதையே இவளுக்கும் போட்டால் மிச்சம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். ராஜாவுக்கு அகன்ற முதுகு, இவளுக்கு ஒடுங்கியது. சேணத்தின் முன்வளைவு தோள் மேட்டைத் தொடக்கூடாது, ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டையும் பார்த்தாலே பாதிச் சேணம் தள்ளுபடியாகிவிடும். இவளுக்கு வேறு வாங்கினேன், செலவுதான். எடைக் கணக்கும் போட்டேன். நெஞ்சுச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்து அதையே அதால் பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். இவளுக்குச் சுற்றளவு 165, நீளம் 157, எடை 360 கிலோ போல. சேணமும் ஆளும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவாக எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு, அப்படியென்றால் 72. நான் அதற்குள்தான் இருக்கிறேன், கொஞ்சம்தான் உள்ளே. முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்தரை, ஆறு வயது ஆகும் என்பதால் சவாரி நேரத்தையும் குறைவாகவே வைத்தேன்.

தீனி விஷயத்தில் நம் ஆட்களுக்குப் பாசம் அதிகம். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளும் ஓட்ஸும் கொட்டிவிட்டு, அப்புறம் துள்ளுகிறது என்று புகார் சொல்வார்கள். கொள்ளைக் குறைத்தேன், சோளத்தட்டும் குதிரைமசால் என்கிற தீவனப் பயிரும் புல்லும் கூட்டினேன். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது நார்த்தீனி காய்ந்த கணக்கில் போக வேண்டும், இவளுக்கு அது ஐந்தரைக் கிலோ. சவாரிக்கு முன்னால் வெறும் வயிற்றோடு கிளப்புவதில்லை. குதிரைக்கு வயிற்றில் அமிலம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும், ஒரு கை குதிரைமசால் உள்ளே கிடந்தால் ஓடும்போது அது மேலே தெறிக்காது. வயிறு எரிகிற குதிரையிடம் தைரியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, பழக்கத்துக்கு வருகிறேன். ஆரம்பித்தது ரோட்டில் இல்லை, லாயத்தில். வள்ளி முன்னால் தீனி வலையைத் தொங்கவிட்டு, அவள் மென்றுகொண்டிருக்கும்போதே ராஜாவைப் பிடித்துப் பத்தடி நடத்திப்போய் உடனே திருப்பிக் கொண்டுவந்து கட்டினோம். அவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வலையில் வாயை வைத்தால் சரி. அப்புறம் லாயத்து மூலை வரை. அப்புறம் மறைவாக, ஒரு நிமிடம். அப்புறம் தொட்டியில் தண்ணீர் காட்டிவிட்டு வருகிற அளவு. அவள் கனைத்துக் கலவரமாகி, அதன்பிறகு ராஜா திரும்பி வந்தால், கனைத்ததால்தான் வந்தான் என்று கணக்குப் போட்டுக்கொள்வாள். அவள் அமைதியாக இருக்கும்போதே அவன் திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் இதில் சூட்சுமம். இந்த வேலை சலிப்பானது, வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஆனால் மொத்தப் பழக்கத்திலும் எனக்கு அதிகம் பலன் கொடுத்தது இதுதான் என்பேன்.

அமைதி எது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அசையாமல் நிற்கிற குதிரையைப் பார்த்து "சாதுவா நிக்குது" என்பார்கள். காது இரண்டும் ஒரே திசையில் குத்திட்டு, மூக்குத் துளை இறுகி, கண் இமைக்காமல் நின்றால் அது சாது இல்லை, வெடிக்கப் போகிறது என்று அர்த்தம். மெல்லுவது, இமைப்பது, தலையைத் தாழ்த்துவது, ஒரு காது மட்டும் நம் பக்கம் திரும்புவது, இதெல்லாம்தான் நல்ல அடையாளம். சாணியையும் பார்ப்பேன். கலக்கத்தில் இருந்தால் அடிக்கடி, இளகலாகப் போடும்.

அடுத்தது கையில் பிடித்து நடப்பது. பன்னிரண்டடிப் பருத்திக் கயிறு, கையுறை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடித்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் நான். முன்னால் நின்று இழுத்தால் நான்தான் ராஜாவுக்குப் பதில் என்று ஆகிவிடும், அது வேண்டாம். ஊரில் நல்ல வேடிக்கை. பால் ஊற்றப் போகிற பெரியவர் தினமும் சைக்கிளை நிறுத்தி, "ஏனுங் தம்பி, ஏறிப் போறதுக்குத்தானுங் குதிரை வாங்குனீங்க, நீங்க எதுக்கு நடக்குறீங்க?" என்பார். "அதுக்குக் கொஞ்சம் பயமுங்க" என்றால், "அதுக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்த நடையில் நான் கறாராக வைத்த விதி ஒன்று உண்டு. பாலைப் பொங்கவிட்டு அப்புறம் அடுப்பை அணைத்து என்ன பயன், அதுபோல அவள் திரும்பலாமா என்று யோசிக்கும் முன்பே நான் திருப்பிவிடுவேன். பாலத்தில் நிற்பாள் என்று தெரியும், ஆகவே பாலத்துக்கு முன்னால் நிறைய அருகம்புல் இருக்கிற இடத்தில் நிறுத்தி, மேயவிட்டு, திரும்பிவிடுவேன். அடுத்த நாள் பாலத்தை ஒட்டி. அப்புறம் பாலத்தைத் தாண்டி. எவ்வளவு தூரம் போனோமோ அந்தக் கடைசி இடத்தில்தான் புல்லும் ஓய்வும், வீட்டுக்கு வந்ததும் கிடையாது. திரும்பி வந்தால் கேட்டுக்குள் நேராக நுழைவதும் இல்லை, கேட்டைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் உள்ளே. வந்தவுடன் கயிற்றை அவிழ்த்துக் கொள்ளைக் கொட்டினால், வீடு சொர்க்கம், வெளியே நரகம் என்று அது முடிவே கட்டிவிடும்.

நீண்ட கயிறு போட்டுப் பின்னாலிருந்து ஓட்டுவதை வண்டிக்குப் பழக்குகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிறார்கள், சவாரிக்காரர்கள்தான் மறந்துவிட்டார்கள். கடிவாளத்தின் இரு பக்கமிருந்தும் இருபத்தைந்தடிக் கயிறு இரண்டு, சேணத்தில் கால் வைக்கிற அங்கவடி வளையத்துக்குள் விட்டு, அங்கவடிகள் ஆடாமல் வயிற்றுக்குக் கீழே ஒரு நாடாவால் கட்டி, நான் உதை எட்டாத தூரத்தில் பின்னால் சற்று ஒதுங்கி நடந்தேன். நேர் பின்னால் வால் பக்கம் குதிரைக்குக் கண் தெரியாது, நெற்றிக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போலவும் தெரியாது, மற்றபடி ஏறக்குறைய சுற்று முழுவதும் தெரியும். கயிறு தொடையில் உரசுவதற்குப் பழக முதலில் வேலிக்குள் செய்துவிட்டுத்தான் வண்டித்தடத்துக்குப் போனேன். இதில் என்ன லாபம் என்றால், முன்னால் யாரும் இல்லாமல் தானே முதல் ஆளாக நடக்க அவள் கற்றுக்கொள்கிறாள், எனக்கும் முதுகில் உட்கார்ந்து கலவரப்பட வேண்டியதில்லை. வள்ளி முதல் தடவையாகக் காதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தது இந்தக் கயிற்றில்தான்.

சவாரிக்கு மைத்துனன் உதவினான். அவன் ராஜாமேல், நான் வள்ளிமேல். முதலில் பின்னால், அப்புறம் பக்கத்தில், அப்புறம் தலை அளவு முன்னால், அப்புறம் மாறி மாறி முந்துவது. வண்டித்தடம் பிரிகிற இடத்தில் அவன் தென்னந்தோப்பைச் சுற்றி ஒரு பக்கமும் நான் இன்னொரு பக்கமும் போய் அந்தக் கோடியில் சேர்ந்துகொள்வோம். இதில் நேரம் பிசகக்கூடாது. "மாமா, நீங்க வர்ற வரைக்கும் நான் அங்கயே நிக்கறேன், ராஜாவைக் கனைக்க விடமாட்டேன்" என்பான். ராஜாவின் வாயை அவன் எப்படிக் கட்டுவானோ தெரியாது, பையில் கொண்டுபோகிற கேரட்தான் ரகசியம் என்று நினைக்கிறேன். பிரிந்து போனாலும் சேர்ந்துகொள்வோம் என்பதை வள்ளிக்கு இந்தத் தோப்புச் சுற்று நன்றாகவே புரியவைத்தது.

அப்புறம்தான் தனிச் சவாரி. பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளுத்து வாங்கும், அப்போது பழகின குதிரையே சிலிர்த்துக்கொண்டு திரியும், ஆகவே மழை முடிந்து காற்று அடங்கிய மார்கழி, தை மாதங்களுக்காகக் காத்திருந்தேன். போன வழியே திரும்பாமல் வட்டமாக வருகிற பாதையாகத் தேர்ந்தெடுத்தேன். கேட், பாலம், பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேடு, சோளக்காட்டு ஓரம், மறுபடி தோட்டம். போன வழியே திரும்பினால் திரும்புகிற இடத்தில் குதிரைக்குக் கால் முளைத்துவிடும். வட்டத்தில் போனால் எது போவது, எது வருவது என்று அதற்கே சரியாகத் தெரியாது.

நின்றால் என்ன செய்வது? உதைக்க மாட்டேன், இழுக்கவும் மாட்டேன். லகானை நீட்டித் தலையை விட்டுவிடுவேன், தூரத்தில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் தூக்கவும், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தாழ்த்தவும் அதற்கு இடம் வேண்டும். ஒரு காது என் பக்கம் திரும்பும்வரை காத்திருப்பேன். திரும்பினால் காலால் லேசாகக் கேட்பேன், ஒரு அடி வைத்தாலும் காலை எடுத்துவிடுவேன். சுழலப் பார்த்தால், சுழல்வதற்கு முன்பே ஒரு பக்க லகானை அகலமாகத் திறந்து சின்ன வட்டம் போட்டு மறுபடி அதே திசையைப் பார்த்து நிற்பேன். அதற்கும் மேலே போகும் என்று தோன்றினால் இறங்கி நடத்திக்கொண்டு போவேன். இறங்கினால் குதிரை கெட்டுப்போகும் என்று ஒரு கட்சி உண்டு. வெடித்த பிறகு இறங்குவது வேறு, வெடிக்கும் முன் இறங்கி அவள் தோளருகே நடந்து, தாண்டியதும் ஏறிக்கொள்வது வேறு. பின்னதில் எனக்கு எந்தக் கெடுதலும் தெரியவில்லை, முழங்கால் வலியைத் தவிர.

எதிர்பாராத தொல்லைகளும் வந்தன. உடுமலைப் பக்கமாக இருப்பதால் காற்றாலைகள் உண்டு. அதன் சத்தத்துக்கு அவள் கவலைப்படவில்லை, காலை வெயிலில் இறக்கையின் நிழல் தடத்தின் குறுக்கே ஓடி ஓடி வந்ததற்குத்தான் நின்றாள். நிழல் விழுகிற எல்லைக்கு வெளியே நின்று, அவள் மேய நான் சும்மா உட்கார்ந்திருக்க, அதை அவளே ஒரு பொருட்டில்லாத விஷயமாக்கிவிட்டாள். வாய்க்கால் இன்னொன்று. பிஏபியில் மண்டலம் மண்டலமாக முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். காய்ந்த வாய்க்காலையே பார்த்துப் பழகியவளுக்கு ஒரு காலையில் அது நிறைந்து, மதகில் இரைச்சலோடு ஓடினால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வட்டத்தை விட்டுவிட்டு மதகுக்குத் தூரத்திலேயே மேய்ந்துவிட்டு வந்தோம். தென்னந்தோப்பு இருட்டிலிருந்து வெயிலுக்கு வருகிற இடத்திலும் நிதானிப்பாள், அது பயமில்லை, வெளிச்சம் மாறினால் குதிரைக் கண் பழக நம்மைவிட நேரமாகும், நாலு மூச்சு நிறுத்தினால் போதும்.

மயில் மட்டும் எந்தப் பாடத்திலும் அடங்காது. வேலியோரப் புதரிலிருந்து காலடியில் ஒன்று எழும்பியது, வள்ளி பாய்ந்தாள், என் ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவிவிட்டது. கழுத்தில் எப்போதும் ஒரு தோல்வார் கட்டியிருப்பேன், அதைப் பிடித்துக்கொண்டதால் லகானில் தொங்கி வாயைக் கிழிக்காமல் தப்பித்தேன். கொஞ்ச தூரம் ஓடி, வட்டத்தில் வந்து, நின்றாள். நின்றவள் வீட்டுத் திசையைப் பார்க்கவில்லை, கழுத்தைத் திருப்பி என் பூட்ஸை முகர்ந்தாள். வேலை பிடித்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஏறியிருக்கிறவர் பதற்றம் கீழே இறங்கும் என்பது கதை இல்லை. சுவீடனில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களைக் குதிரையோடு ஒரே இடத்தைச் சில தடவை கடக்கவைத்து, கடைசித் தடவைக்கு முன்னால் இப்போது குடையை விரிக்கப் போகிறோம் என்றார்கள். விரிக்கவே இல்லை. ஆனாலும் ஆளின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரையுடையதும் ஏறியது. நான் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் பேசிக்கொண்டே போவது. பேசினால் மூச்சை அடக்க முடியாது. பால்காரப் பெரியவர் நான் தனியாகப் பேசுவதையும் கேட்டிருக்கிறார், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளை மட்டும் கொஞ்சம் வேகமாக மிதித்தார்.

தனியாகக் கிளம்பும்போது தாடைப்பட்டை மாட்டிய ஹெல்மெட், குதிகால் வைத்த பூட்ஸ் இல்லாமல் ஏறுவதில்லை. போன் சேணப் பையில் இருக்கக்கூடாது, என் உடம்பில் இருக்க வேண்டும், குதிரை ஓடிப்போனால் போனும் ஓடிப்போய்விடும். கடிவாளத்துக்கு அடியில் முகக்கயிறும் கிடக்கும், இறங்கி நடத்த அதுதான் வசதி. எந்த வழி போகிறேன், எப்போது வருவேன் என்று வீட்டில் சொல்லிவிடுவேன்.

இப்போதைய நிலவரம்: வாய்க்கால் வட்டம் முழுவதையும் தனியாக நடையில் வருகிறாள், நேரான இடத்தில் கொஞ்சம் பெருநடையும் போடுகிறாள். பாலத்தில் நிற்பதே இல்லை. லாயத்திலிருந்து ராஜா கனைத்தால் ஒரு காது திரும்பும், கால் நிற்காது. கோழிப்பண்ணை மின்விசிறிச் சத்தம் இன்னும் பிடிக்கவில்லை, அந்தப் பக்கம் கையில் பிடித்துத்தான் போகிறேன். மட்டை மில் வாசலில் நார் லோடு ஏற்றும்போது போவதில்லை. பொள்ளாச்சி, பழனி ரயில் பாதை கேட்டுக்கு இன்னும் கூட்டிப்போகவில்லை, அதை முதலில் ராஜாவோடு, வண்டி இல்லாத நேரத்தில் செய்ய வேண்டும். ஆடிக் காற்று தொடங்கியதும் வட்டத்தைப் பாதியாகக் குறைத்து, மறுபடி அருகம்புல் இடத்திலிருந்து ஆரம்பிப்பதாகத் திட்டம். மைத்துனனிடம் கேரட் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.